ஆட்டச் சொன்ன சாமி

எங்கள் மாதா திருநாளுக்கு முந்திய ஞாயிறு, அப்பா ஒரு வீடியோ பார்த்தார். நான் காட்டவில்லை, அம்மா காட்டினார், பெருமையாக.

வீடியோவில் நான் ஒரு சாமியைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஐஸ் தொழிற்சாலை இயந்திரப் பயிற்சிக்காக ஜப்பானில் இருந்தேன். எங்கள் கண்டக்குழி போலவே வலை, படகு, மீன் வாடை உள்ள ஊர். அங்குள்ள பழைய ஷிண்டோ கோயிலில் ஆண்டுத் திருவிழா. சாமியை ஒரு சின்ன மரக் கோயிலில் வைத்து, தோளில் தூக்கி ஊரைச் சுற்றுவார்கள். கூட வேலை செய்த ஹருக்கோ, பெண்கள் அணியில் எனக்கும் இடம் வாங்கித் தந்தாள்.

வழக்கம்போல் பட்டியல் போட்டேன். ஒன்று — வெள்ளைக் காலுறை. இரண்டு — தோளுக்கு மடித்த துவாய். மூன்று — ஆட்டாமல் நடப்பது.

மூன்றாவது என் சொந்தச் சேர்க்கை. எங்கள் ஊரில் திருநாளன்று மாதாவின் சொரூபத்தைத் தோளில் தூக்குபவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, "ஆட்டாதீங்கடா, மாதாவுக்குத் தலை சுத்தும்" என்று ஏசுபவர் யார் தெரியுமா? என் அப்பாதான்.

அதனால் எல்லோரும் "வாஷ்ஷோய், வாஷ்ஷோய்" என்று துள்ள, நான் மட்டும் என் மூலையை மட்டமாகப் பிடித்திருந்தேன். ஹருக்கோ திரும்பினாள்.

"களைச்சுப் போனியா? குலுக்கு. சாமி சந்தோஷப்படணும்."

குலுக்கினேன்... அதுதான் வீடியோ.

சிக்கல் என்னவென்றால், இந்த வருடம்தான் எங்கள் கோயிலில் முதன்முறையாகப் பெண்களும் சொரூபம் தூக்கலாம். பெயர்ப் பட்டியல் அப்பாவிடம். (பட்டியல் எங்கள் பரம்பரை வியாதி.) என் பெயரும் இருந்தது — அந்த ஞாயிறு வரை.

"இந்தத் தோளை நம்பி எப்பிடிப் பிள்ளை மாதாவைத் தாறது?"

"அங்க ஆட்டினாத்தான் சந்தோஷமாம், அப்பா."

"அது அவங்கட சாமி. எங்கட மாதா அமைதியான ஆள்."

மூன்று நாள் கெஞ்சினேன். நான்காம் நாள் தோளில் பலகையும், பலகையில் தண்ணீர் நிரம்பிய சட்டியுமாக முற்றத்தை மூன்று முறை சுற்றினேன். அப்பா குனிந்து மணலைப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"சரி. பின்னால, இடப்பக்கம்."

திருநாளன்று முன்பக்கம் தூக்கி வந்தவருக்குக் கால் பிசகியது. அப்பா ஏசுவதை நிறுத்திவிட்டுத் தானே தோள் கொடுத்தார். மணல் திருப்பத்தில் அவர் கால் புதைய, சொரூபம் நன்றாகவே ஒரு ஆட்டம் ஆடியது.

கோயிலில் இறக்கி வைத்த பிறகு அவர் காதருகே போய்ச் சொன்னேன்:

"மாதா சந்தோஷப்பட்டிருப்பா, அப்பா."