மோட்டாரை உடு

இந்த ஊரில் மனுசன் முங்குவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. நான் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்தவன். சீசன் இல்லாத மாதங்களில் உப்பு லாரியில் கிளீனராகப் போவேன். அப்படி வந்த இடத்தில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தியைப் பார்த்து, இரண்டு வீட்டாரிடமும் உதை வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டு, அவள் ஊரிலேயே தங்கிவிட்டேன். எண்பதுகளின் தொடக்கம். கடலுக்குப் பதில் சோளக்காடு.

ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு இருந்தது. பாறையை வெடிவைத்துப் பிளந்த கிணறுகள். மோட்டார்க் குழாய் தண்ணீருக்குள் இறங்கும். அதன் அடியில் ஃபுட் வால்வு. அதில் பாசியோ பழந்துணியோ போய் அடைத்துக்கொண்டால் மோட்டார் சும்மா உறுமும், வாய்க்காலில் தண்ணீர் வராது. குழாயை மேலே தூக்கக் கப்பியும் பத்து ஆளும் வேண்டும். நான் ஒற்றை மூச்சில் போய்ப் பிடுங்கிவிட்டு வந்தேன். "கடக்காரரக் கூப்புடுங்க" என்று ஆள் அனுப்ப ஆரம்பித்தார்கள். கடல்காரன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஏதோ நான் மளிகைக் கடை வைத்திருக்கிற மாதிரி!

அவர்கள் பேச்சு எனக்குப் பிடிபட ஒரு வருசம் ஆயிற்று. வீடு என்றால் ஊடு. விடு என்றால் உடு. அந்த ஒரு உடுவை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவார்கள். கயிற்றைத் தளர்த்தக் கயித்த உடு, சண்டையில் ஆளைப் பிரிக்க அவன உடு, சுவிட்சைப் போட மோட்டார உடு. "ஏட்டி, உங்க ஊர்ல வேற வார்த்தையே கிடையாதா?" என்று என் வீட்டுக்காரியைக் கிண்டல் செய்வேன். "அட உடுங்க" என்பாள்.

கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. ஒற்றை மூச்சு பத்தவில்லை. பாறையில் துளை போடுகிற டிராக்டர் கம்ப்ரஸர் ஒன்று ஊருக்குள் வந்திருந்தது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றைப் பிரித்து வாயில் கவ்விக்கொண்டு இறங்கினால் என்ன என்று தோன்றியது. யாரும் சொல்லித் தரவில்லை. லாரி டியூபை வெட்டிக் கண்ணாடி பொருத்தி முகத்துக்குக் கட்டினேன். முதல் நாள் டீசல் நாற்றத்தில் குடல் பிடுங்க வாந்தி எடுத்தேன். நாலாம் நாள் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து சாவகாசமாக மூச்சு விட்டேன். என்ன ஒரு சந்தோசம்! கடலில்கூட எனக்கு அது கிடைத்ததில்லை.

அண்ணன் தம்பி இருவருக்குப் பொதுவான கிணறு ஒன்று. முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். முகம் பார்த்துப் பேசி வருசக்கணக்காகிறது. அண்ணனுடைய குழாய் அடைத்துக்கொண்டது, என்னைக் கூப்பிட்டார். என் மச்சினன் மேலே நின்று என் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தான். மோட்டார் ரூமுக்குள் அண்ணனுடைய பண்ணையாள். "வேலை முடிஞ்சதும் மேல இருந்து சத்தம் குடுப்பாங்க. மோட்டார உடுன்னா அப்பப் போடு, அதுவரைக்கும் கை வைக்காத" என்று நானே அவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். என் வீட்டுக்காரி தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

அடியில் சல்லடையைக் கழற்றி, வால்வுக்குள் கையை விட்டுப் பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மேலே தம்பிக்காரன் வந்து சேர்ந்தான். இன்றைக்கு என் முறை, என் தண்ணிக்குள் எவன்டா ஆள் இறக்கியது என்று அண்ணன் மண்டையில் மண்வெட்டிக் காம்பால் ஒரே போடு. தடுக்கப் போன என் மச்சினனின் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்திருக்கிறான். இதெல்லாம் பிறகு கேட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் கயிறு சுருள் சுருளாக என் தலைமேல் வந்து விழுந்தது. அடுத்த நொடி குழாய் உறுமிற்று.

வலது கை முழங்கைவரை உள்ளே போயிற்று. இரும்பு விளிம்பில் எலும்பு நொறுங்கிய சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது. வாயில் இருந்த காற்றுக் குழாய் நழுவிக் குமிழி விட்டுக்கொண்டு மேலே ஆடிப் போயிற்று. காலைக் குழாயில் ஊன்றி, கை பிய்ந்தாலும் போகட்டும் என்று இழுத்தேன். வரவில்லை. வாயைத் திறந்துவிட்டேன், தண்ணீர் உள்ளே போயிற்று. செத்தோம் என்று நினைத்தபோது மோட்டார் நின்றது.

கை கழன்று எப்படியோ மேலே மிதந்தேன். இரண்டு விரல் போயிற்று. அண்ணன்காரர் தலையில் கட்டோடு வந்து, மோட்டார் போட்ட பண்ணையாளைத் தென்னையில் கட்டிப் பட்டை பட்டையாக வீங்க அடித்தார். "உடுங்கன்னு கேட்டுச்சுங்க சாமி, அதான் போட்டனுங்க" என்று அவர் அழுதாராம். எவன் நம்பினான்? தென்னையிலிருந்து அவிழ்த்துவிட்ட அன்றே பண்ணையாள் ஊரை விட்டு ஓடிவிட்டார்.

என் வெறி அடங்கவில்லை. ஒரு மாதம் படுக்கையில் கிடந்து அவரைக் கொல்வதைப் பற்றியே நினைத்தேன். பக்கத்து ஊர்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறார் என்று தெரிந்ததும் கொடுவாளை இடது கையில் எடுத்தேன். என் வீட்டுக்காரி வாசலை மறித்து நின்றாள்.

"அவரு மேல தப்பில்லீங்க. உடுங்கன்னு கத்துனது நானுங்க."

"என்னட்டி சொல்லுத?"

"எந்தம்பி கழுத்த அவன் புடிச்சிருந்தானுங்க, முழி பிதுங்கிப் போச்சுங்க. உடுங்க உடுங்கன்னு கத்துனேன். உள்ளாற இருந்தவருக்கு அது மட்டுந்தான் கேட்டிருக்குதுங்க."

கொடுவாளைக் கீழே போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் மனுசன். அவளை அறைந்தேன். ஒரு மாதமாக இன்னொருவருக்கு வைத்திருந்த அடியெல்லாம் அவளுக்குப் போயிற்று. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாங்கினாள்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். அக்காள் முகத்தைப் பார்த்தான். நேராக வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"மோட்டார நிறுத்துனது ஆருன்னு நெனச்சீங்க மச்சா? பண்ணையாளு பயந்து வெளிய ஓடியாந்துட்டாரு. அக்காதான் உள்ள போச்சு. எந்தப் பொத்தான அமுக்கோணும்னு அதுக்கென்ன தெரியும்? ஓடற மோட்டாருல ஃபீஸ் கட்டையப் புடுங்கி எறிஞ்சுச்சு. நெருப்பு அடிச்சுருச்சு. அது கையப் பாத்தீங்களா இல்லியா?"

பார்த்திருந்தேன். உள்ளங்கைத் தோல் கருகிச் சுருண்டிருந்ததை அடுப்பில் சுட்டுக்கொண்டாளாக்கும் என்று நினைத்தேன். என் வலது கை விளங்காமல் கிடந்த அந்த ஒரு மாதமும் மூன்று வேளையும் அந்தக் கையால்தான் அவள் எனக்குச் சோறு ஊட்டினாள்.