தொட்டியில் விழுந்த நீலம்

கடைத்தெருவில் அவரைப் ‘பாஸ்போர்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தன் போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைகிறவர்களிடமெல்லாம் “சிரிக்காதீங்க, நேராப் பாருங்க” என்று சொல்லியே காலம் தள்ளியவர். மாடியில் அவருடைய அக்கா குடியிருந்தாள். துணிகளில் பூ வரைந்து கொடுப்பது அவள் பிழைப்பு.

ஸ்டுடியோவில் ஒரு கண்ணாடித்தொட்டி இருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தபின் வெறும் தண்ணீர்தான் மிச்சம். மாடியில் குழாய் வராத ஒரு நாள், அக்கா இறங்கி வந்து தூரிகையைக் கழுவ அதில் முக்கினாள். நீலம் புகைபோல் இறங்கியது. திட்ட வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இரு, இரு. இன்னொரு தடவ விடு” என்று கேமராவைத் தூக்கினார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கென்றே ஆயின. பின்னால் வெள்ளைத்துணி, பக்கவாட்டில் விளக்கு. நிறத்தை எவ்வளவு நீர்க்கக் கரைக்க வேண்டும், எந்த உயரத்திலிருந்து விட வேண்டும், சிவப்பு விரிந்த எத்தனையாவது மூச்சில் மஞ்சளை விட வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு. அது அடியைத் தொட்டுக் கலங்குவதற்குள் படமெடுப்பது இவர் பொறுப்பு. ஒரு படத்தைப் பார்த்து மலை என்பார் இவர். “மலையாவது மண்ணாங்கட்டியாவது, நல்லாருக்கு, அவ்வளவுதான்” என்பாள் அவள்.

படங்களைக் கண்காட்சியில் வைத்தார்கள். கீழே இவர் பெயர் மட்டும் இருந்தது. பார்க்க வந்த ஓர் அம்மாள், “கலர் ஊத்துறது யாரு?” என்று கேட்டார். இவருக்குப் பாராட்டு தலைக்கேறியிருந்த நேரம்.

“அதுவா? அத யார் வேணும்னாலும் ஊத்தலாங்க. எடுக்கிறதுலதான் இருக்கு.”

சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னால் அக்கா.

அவள் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு தலைவலி என்றாள். அதற்கடுத்த ஞாயிறு வேலை கிடக்கிறது என்றாள். ‘வராட்டிப் போகட்டும்’ என்று இவரே ஊற்றிப் பார்த்தார். தொட்டி கழுநீர்ப் பானை ஆனது. அப்போதாவது மாடியேறிப் போயிருக்கலாம். வீம்பு விடவில்லை. பேச்சு “சாப்டியா”, “சாப்டேன்” என்று சுருங்கியது. கடைசியில் அவள் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

தலை நரைத்த பிறகு ஒருநாள் அவளைத் தேடிப் போனார்.

“அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா.”



“சொன்னதுகூடப் பரவால்லடா. வாய் தவறி வந்திருக்கும். நீ மேல வந்து ஒரு வார்த்த கூப்பிடுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பதினாலு படிதானே?”

அவள் எழுந்து போய், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். மகள் வீட்டில் கிடந்த நீலத்தைக் கரைத்தாள். விரல்கள் நடுங்கின. நிறம் கட்டியாக விழுந்து அடியில் போய் உட்கார்ந்தது.

“வரமாட்டேங்குதுடா” என்றாள்.

“பரவால்லக்கா” என்றார். கேமரா பையிலேயே இருந்தது.

ஊர் திரும்பியதும், ஸ்டுடியோவில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் கழற்றி, தன் பெயருக்கு மேலே அக்காவின் பெயரை எழுதினார். விற்றுப்போன படங்கள் யார் யார் வீட்டுச் சுவரிலோ தொங்கிக்கொண்டிருந்தன. அவை இருக்குமிடம் இவருக்குத் தெரியாது.