வாலறுந்த எட்டு மணி

நிரலுக்குள் எந்தத் தேதி வந்தாலும் சுப்ரப்தோ ஐயா, எங்கள் வழக்கில் பாக் சுப்ரப்தோ, முதலில் அதன் வாலை நறுக்கிவிடுவார். நாளும் மணியும் முடிந்த பிறகு '+08:00' என்பதுபோல் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மணி எந்தப் பக்கத்து மணி என்று சொல்வது அதுதான். அவருக்கோ அது அழுக்கு. பின்னாலிருந்து ஆறு எழுத்தை வெட்டும் ஒற்றை வரி நிரலை அவரே எழுதி, அதற்குச் 'சவரம்' என்று பெயரும் வைத்திருந்தார்.

ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவில் நாங்கள் விற்பது கல்யாணப் பத்திரிகை. காகிதத்தில் அல்ல, கைபேசியில். மணமக்கள் படத்தைச் சுற்றி மல்லிகை உதிரும். கீழே, நிக்காஹுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வரும். அந்தக் கடிகாரம் சுப்ரப்தோவின் கைவண்ணம்.

"இங்க ஏழு மணின்னா கிழக்குத் தீவுல, மக்கஸார்ல எட்டாச்சே பாக், வாலை வெட்டினா எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, நமக்கு நாடு எத்தனை?"

"ஒண்ணு."

"அப்ப மணியும் ஒண்ணுதான். போய் வேலையைப் பாருங்க."

வெட்டி மிஞ்சியதை ஜாவா மணியாகவே படித்துக்கொள்வார். அதனால் மக்கஸார் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் எங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டியது. புகார் வரவேண்டுமே? எங்கள் ஜனம் எந்தக் கல்யாணத்துக்கும் ஒரு மணி நேரம் பிந்தித்தான் போகும். அதற்கு 'ரப்பர் மணி' என்று செல்லப்பெயர் வேறு. யாரோ ஒரு மக்கஸார்ப் பெண் மட்டும் எழுதிக் கேட்டாள். "ரப்பரைக் கொஞ்சம் இழுத்துட்டாங்க போல," என்று சிரித்தபடி சுப்ரப்தோ அந்தப் புகாரை மூடிவிட்டார்.

அவர் இடது கையில் சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். எந்தத் தீவுக்குப் போனாலும் அதன் முள்ளைத் தொடமாட்டார். கைபேசி தானாக மணி மாற்றிக்கொள்வதையும் நிறுத்தி வைத்திருந்தார். "போற ஊருக்கெல்லாம் வளைஞ்சு கொடுத்தா நமக்குன்னு ஒரு மணி வேணாமா?"

அவருடைய ஒரே மகள் லரசதிக்கு மக்கஸாரில் மாப்பிள்ளை அமைந்தான். பத்திரிகை எங்களுடையதுதான், காலை எட்டு மணி என்று போட்டிருந்தது. நான் என் கைபேசியை நம்பி எட்டுக்கெல்லாம் மக்கஸார் மண்டபத்தில் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். நிக்காஹ் நடத்தும் பெங்குலுவும் வந்துவிட்டார். ரப்பர் மணியை நம்பாத அரசு ஊழியர் அவர். அடுத்த கல்யாணம் அவருக்காகக் காத்திருந்தது. பெண்ணின் அப்பாவைத்தான் காணோம். அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுத்தால்தான் நிக்காஹ்.

லரசதி போன் போட்டாள். அவர் குரல் எனக்கே கேட்டது.

"இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கேம்மா. கடிகாரத்தைப் பாரு. ஹோட்டல்ல காப்பி இப்பத்தான் வந்துது."

"அது உங்க கடிகாரம்ப்பா! இங்க எல்லாரும் என்னையே பாக்கறாங்க. வாங்கப்பா!" அவள் கண்மை கன்னத்தில் இறங்கியது. எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது.

பெங்குலு எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "அப்பா இல்லாத பொண்ணுன்னா அதுக்கு முறை இருக்கு, நானே நடத்தி வெச்சிடுவேன். அப்பா காப்பி குடிச்சிட்டிருக்கற பொண்ணுக்கு நான் என்ன பண்றது?"

அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. சுப்ரப்தோ தொப்பியைக் கையில் பிடித்தபடி, வேட்டி தடுக்க ஓடி வந்தார்.

"வாங்க பாக்," என்றார் பெங்குலு, செருப்பை விட்டுவிட்டு. "ஜாவாவுல மணி என்ன?"

சுப்ரப்தோ மகளின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெங்குலு ஓத ஆரம்பித்தார், மற்றவர்கள் தலைகுனிந்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்திருந்தேன். சுப்ரப்தோ இடது கையை மடிக்குள் இழுத்து, கடிகாரத்தின் திருகை மெல்ல வெளியே எடுத்து, பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்று சுற்றினார். பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, சட்டைக் கையைக் கடிகாரத்தின் மேல் இழுத்துவிட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.