வெள்ளை இறக்கையில் திருநீறு

எண்பதுகளில் பிரெஞ்சுப் புறநகரான ஒபர்வில்லியேயில் பந்தய விமானங்களைச் சீர்செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. லா சப்பலில் என்னோடு அறையிலிருந்த குணம் அண்ணையையும் அங்கே சேர்த்துவிட்டேன்.

ஒருநாள் மிஷேல் என்ற விமானியின் விமானம், புது எஞ்சின் பூட்டியும், சோதனை ஓட்டத்தில் பழைய வேகத்தைக்கூடத் தொடவில்லை. கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டினேன், பிளக்குகளை மாற்றினேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. எரிச்சலோடு இறக்கையின் முன்விளிம்பைத் தடவினேன். சொரசொரத்தது. நாங்கள் கண்ணாடிபோல் தேய்த்து வைத்த வெள்ளை இறக்கை நெடுக, குழைத்துப் பூசிக் காய்ந்த திருநீறு!

"அண்ணை, இந்த விளிம்பிலை தூசி ஒட்டினாலே காத்து பிடிச்சு இழுக்கும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"ஓம் தம்பி. அதுக்காகப் புது எஞ்சின் பூட்டின பிளேனுக்குத் திருநீறு பூசாமல் விடுறதோ? ஆள் பத்திரமாய்த் திரும்பி வரவேணுமெல்லே?"

தலையில் அடித்துக்கொண்டு மிஷேலிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். அவனோ இறக்கையைத் துடைக்கச் சொல்லிவிட்டு, தன் இருக்கைக்கு முன்னால் விரலை வைத்துக் காட்டினான். "இங்கே பூசச் சொல். இங்கே காற்றுப் படாது."

அதன்பிறகு அண்ணை வந்து பூசாமல் அவன் எஞ்சினைக் கிளப்பியதே இல்லை. அண்ணையோ ஆடி அசைந்துதான் வருவார். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும்: வேகம் வேகம் என்று அலைந்த நான், அவன் திரும்பி வரவேண்டும் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.