சீர்வரிசையில் ஒரு ஜாஸ் ரெக்கார்டு

என்னிடம் வெள்ளை உறை போட்ட ஜாஸ் ரெக்கார்டு ஒன்று இருக்கிறது. உறையின் மூலையில் காப்பி டம்ளர் வைத்த தடம் பழுப்பு வட்டமாகப் பதிந்திருக்கும். அந்த வட்டத்தைப் பதித்தவர் என் சம்பந்தி. அப்போது அவர் எனக்குச் சம்பந்தி ஆகியிருக்கவில்லை. மகனுக்குப் பெண் பார்க்க, நெமிலிச்சேரியிலிருந்து நூம்பலில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் இயந்திரங்களுக்கு நடுவில் ஃபோர்மேனாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். வந்த மனிதர் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என் அலமாரியைப் பார்த்தார். "இன்னா சார், ஜாஸா?" என்றார். இயந்திரம் நிறுவ வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் விட்டுப்போன கேசட்டுகளால் அவருக்குப் பிடித்த பைத்தியம் அது. எனக்குத் திருநெல்வேலியில் கல்லூரி நாட்களில் சிற்றலை ரேடியோ வழியாகப் பிடித்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கத்தில் இன்னொரு பைத்தியம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

கால் தரையில் பாவாமல் போய் அந்த வெள்ளை உறை ரெக்கார்டைச் சுழலவிட்டேன். எனக்கு அதுதான் ஜாஸின் ஆதி ஊற்று. டிரம்பெட் வாயை அடைத்துக்கொண்டு ரகசியம் பேசும். டிரம்ஸ்காரர் அடிக்கவே மாட்டார், கம்பிப் பிரஷ்ஷால் தோலைத் தடவிக்கொண்டே இருப்பார். அவ்வப்போது சிம்பலை ஒரு தொடு தொடுவார், அவ்வளவுதான். சம்பந்தி சிறிது நேரம் கேட்டார். பிறகு டம்ளரை உறையின் மேல் வைத்துவிட்டு, "சார், இதுல ஒண்ணுமே நடக்கலியே" என்றார். பெண்ணைப் பெற்றவன் அந்த இடத்தில் சிரித்து மழுப்பியிருக்க வேண்டும். நானோ, "இதக் கேக்காதவங்க ஜாஸ் கேட்டேன்னு வெளிய சொல்லிக்கக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, சொஜ்ஜி ஆறிப்போனது. பெண்ணும் பையனும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு என் மனைவி, "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். மறுநாள் காலையில் போன் வந்தது. "சம்பந்தி, பொண்ணு எங்களுக்குப் புடிச்சிகீது. ரெக்கார்டுதான் புடிக்கல."

கல்யாணத்துக்குப் பிறகு நெமிலிச்சேரி வீட்டுக் கூடத்தில் அவர் ஒரு மரத்தட்டு அடித்து மாட்டினார். ஏழு ரெக்கார்டுகளுக்கு மட்டும் இடம். ஜாஸ் கேட்க வருகிற யாருக்கும் இந்த ஏழு போதும் என்று நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டவைதான் அதில் ஏறலாம். புதிதாக ஒன்று ஏறினால் பழையது ஒன்று இறங்க வேண்டும். கேட்கிறவன் கால் தானாக ஆடாவிட்டால் அது ஜாஸே இல்லை என்பது அவர் கட்சி. கால் ஆட வேண்டுமானால் திருவிழாவுக்குப் போகலாமே என்பது என் கட்சி. ஏதோ விடுதியில், குடிக்கிறவர்களின் பேச்சும் கைதட்டலுமாகப் பதிவான அவருடைய சாக்ஸபோன் ரெக்கார்டு ஒன்றை நான் எவ்வளவோ தடுத்தும், கடைசியில் அவர் வற்புறுத்தலுக்குத் தலையாட்ட, அது ஏறிவிட்டது. இப்போது யோசித்தால் அவர் செய்தது நியாயம்தான். கேட்கும்போதெல்லாம் அவர் உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்துக்கொள்வார். ரசிகனின் பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

வெள்ளை உறையை ஏற்றுவதற்கு நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மகளுக்குக் கொண்டுபோகும் சீரில், வாழைப்பழத்துக்கும் வேட்டிக்கும் நடுவில் அதைச் செருகி வைத்தேன். சீரைத் திருப்பித் தருவது பெண் வீட்டை அவமதிப்பது. சம்பந்தி எங்கே தரப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பழத்தை எடுத்தார், வேட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ரெக்கார்டை மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டு, "ஏழுல வராது சம்பந்தி" என்று என் கையில் கொடுத்தார். முதல் தடவை என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அதுவே எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. ஒவ்வொரு பண்டிகைக்கும் ரெக்கார்டு போகும், கேட்கப்படும், திரும்பி வரும்.

ஒருநாள் மகள் போனில் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னாள்: "மாமாவுக்கு மெல்லிசா வர்ற சத்தம் எதுவும் கேக்காதுப்பா. எஸ்டேட் பிரஸ் ஷாப் இரைச்சல்லயே காது போயிடுச்சாம். நாம பேசுறதுகூட பாதி வாயப் பாத்துத்தான். காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னா மாட்டேங்கிறார்." போனை வைத்த பிறகு எனக்கு அந்த ஸ்பீக்கர் பெட்டியும் உள்ளங்கையும் நினைவுக்கு வந்தன. பிரஷ்ஷின் தடவல், சிம்பலின் தொடுகை, அடைத்த டிரம்பெட் என்று நான் உயிரை விடும் எதுவும் அவர் காதுக்குள் போனதே இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று அவர் சொன்னது பிடிவாதத்தால் அல்ல. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் நடக்கவில்லை.

அதன்பின் என்னால் அவரோடு சண்டை போட முடியவில்லை. அவர் எதைச் சொன்னாலும் "ஆமாம் சம்பந்தி" என்றேன். அந்தத் தீபாவளிக்கு ரெக்கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளிவட்டச் சாலையில் வண்டியைக் கிளப்பினேன். சீரைக் கூடத்தில் பரப்பினோம். சம்பந்தி நிதானமாகப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, சீர்ல ஒண்ணு கொறையுது" என்றார். மாப்பிள்ளை வீட்டார் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது. சம்பந்தியம்மா பதறிப்போய்க் கணவரைப் பார்த்தார். என் மனைவி பழச் சீப்புகளை எண்ண ஆரம்பித்தாள். எனக்கு மட்டும் எது குறைகிறது என்று தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். ஆவடிப் பக்கமிருந்து மின்சார ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. "காதப் பத்தி மருமக சொல்ட்சா?" என்றார். தலையசைத்தேன். "ஊட்ல எல்லாரும் எனக்கு உட்டுக் குடுக்குறாங்க. டிவி சவுண்ட ஏத்துறாங்க, கத்திப் பேசுறாங்க. சரிதான்னு இருந்துகினேன். என்னாண்ட சரிசமமா மல்லுக்கு நிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்களும் உட்டுக் குடுத்தா நான் இன்னாத்துக்குக் கேக்கணும் சொல்லுங்க?" ரயில் கடந்து போனது. எனக்குத் தெரியாமலே நான் அவரை நோயாளி ஆக்கிவிட்டிருந்தேன். "பொங்கலுக்குக் கொண்டாரேன்" என்றேன். "கொண்டாங்க. நானும் தயாரா கீறேன்" என்றார்.

பொங்கலன்று அவர் இரண்டு காதுகளிலும் சிறிய மெஷின் இருந்தது. அத்தனை பேர் சொல்லியும் வைக்காதவர், ஒரு ரெக்கார்டோடு மல்லுக்கட்டுவதற்காக வைத்துக்கொண்டார். நான் சீரில் கொண்டுபோன வெள்ளை உறையைப் பிரித்து அவரே முள்ளை வைத்தார். கை ஸ்பீக்கரிடம் போய், பாதியிலேயே திரும்பி மடியில் அமர்ந்தது. "வெளிய மழையா?" என்றார். "இல்ல சம்பந்தி. அதுதான் பிரஷ்" என்றேன். சிம்பல் விழுந்த ஒவ்வொரு முறையும் அவர் புருவம் மட்டும் ஏறி இறங்கியது. ஒரு பக்கம் முடிந்ததும் தானே எழுந்து திருப்பிப் போட்டார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். கல்யாணப் பேச்சின்போதுகூட அப்படி உட்கார்ந்ததில்லை.

முடிந்தது. உறைக்குள் மெதுவாகப் போட்டு என் கையில் கொடுத்தார். "நெறைய நடக்குது சம்பந்தி. இத்தினி நாளு தெரியாமப் பூட்ச்சி." சுவரிலிருந்த மரத்தட்டைப் பார்த்தார். "ஆனா ஏழுல வராது."

நான் கொதித்தெழுந்தேன். ஏன் வராது, அந்த விடுதிச் சத்தம் வரும்போது இது ஏன் வராது என்று ஆரம்பித்தேன். அவரும் குரலை உயர்த்தினார். அடுக்களையிலிருந்து சம்பந்தியம்மா, "ஆரம்பிச்சிட்டாங்க" என்று சொல்வது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மகள் கொண்டுவந்து கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, பேச்சு மும்முரத்தில் டம்ளரை என் மடியிலிருந்த உறையின் மேல் வைத்தார். நான் அதைத் தடுக்கவில்லை. இப்போது அந்த உறையில் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு மறுபடியும் எடுத்துப் போக வேண்டும்.