பின்னாடியே வருது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதக் காலையில் நடந்தது இது. என் வீடு விக்கிரமங்கலத்தில். அரியலூர் போகும் வழியில் கைகாட்டியில் பிரிந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு சின்ன ஊர். அறுபது வீடு இருக்கும். அங்கே நான் அங்கன்வாடி டீச்சர். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் திருப்பூர் போனார்கள், யார் மாசமாக இருக்கிறார்கள் என்று பதிவேட்டில் எழுதுவதும் என் வேலைதான். அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு.

தினமும் டவுன் பஸ்ஸில்தான் போவேன். உள்ளே போய் என்னை இறக்கிவிட்டுத் திரும்பி அரியலூர் போகும். அந்த ஊருக்குக் காலையில் அது ஒன்றுதான் பஸ்.

அன்றைக்கு என்னிடம் புது ஸ்கூட்டி. ஒரு மாதம் காலை ஊன்றி ஊன்றிப் பழகி, முதல்முறையாகத் தனியாக வேலைக்கு ஓட்டிப் போனேன். கைகாட்டிக்குக் கொஞ்சம் முன்னால், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் நம் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்தினேன். சும்மா போகாமல் கண்டக்டருக்குக் கையை வேறு ஆட்டினேன். அவரும் சிரித்தார்.

ஊர் முனை நிறுத்தத்தில், என்னிடம் வரும் ஒரு பையனின் அம்மா தூக்குவாளியோடு நின்றாள். அவள் கணவர் காமாலை முற்றி அரியலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய அண்ணனைத் துணைக்கு வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்க்க முந்தின நாள் சாயங்காலம் வந்தவள், கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு திரும்பக் கிளம்பியிருந்தாள்.

"பஸ்ஸு வருதா டீச்சர்?"

"பின்னாடியே வருது, நில்லு."

அதோடு விட்டேனா, வண்டி எப்படி இருக்கிறது என்றும் கேட்டேன். "நல்லாருக்கு டீச்சர்" என்று அந்த நிலைமையிலும் சிரித்தாள்.

மதியம்தான் தெரிந்தது. பஸ் வரவேயில்லை. ஊரில் இருந்த நாலைந்து பைக்கும் எட்டு மணிக்கே வேலைக்குப் போய்விட்டிருந்தன. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் கைகாட்டி வரை நடந்து போயிருக்கிறாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் இறந்துவிட்டார்.

மறுநாள் ஸ்கூட்டியை எடுக்க மனசு வரவில்லை. பஸ் ஏறியதுமே கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன். நேற்று ஏன் உள்ளே வரவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "உள்ள எறங்க ஆள் இருந்தாத்தான் டீச்சர் திருப்புவோம். தெனமும் உங்களுக்காகத்தான் திருப்புறது. நேத்து நீங்கதான் கைய ஆட்டிட்டு வண்டியில போயிட்டீங்களே."

எட்டு வருடமாக அந்த ஊருக்கு பஸ் வந்ததே நான் அதில் இருந்ததால்தான் என்று எனக்குத் தெரியாது. அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக் கைகாட்டியில் விட்டிருந்தால் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். "கண்ண முழிச்சு என்னத்தான் கேட்டாராம் டீச்சர். நீங்க சொன்னீங்களேன்னுதான் அவ்வளவு நேரம் நின்னேன். அன்னிக்குன்னு பாத்து பஸ்ஸு வரல, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று என்னைத் தேற்றினாள். அன்று மாலை பதிவேட்டில் அவர் பெயரை அடித்துவிட்டு, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.

ஸ்கூட்டியை இப்போது என் மகள் ஓட்டுகிறாள். நான் பஸ்ஸில்தான் போகிறேன். லீவு போட வேண்டி வந்தால், முந்தின நாளே ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வருகிறேன். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார், பஸ் கைகாட்டியில் உள்ளே திரும்பும். நான் இறங்கும் நிறுத்தத்தில் சில நாள் அவள் ஏறுவாள், "வரேன் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே. அன்றைக்கு பஸ் ஏன் வரவில்லை என்பதை அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.