மச்சாளின் எட்டுச்செலவு

ஒருவர் செத்த எட்டாம் நாள், அவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து அறைக்குள் படைத்துவிட்டுக் கதவைச் சாத்துவோம். ஆத்மா வந்து சாப்பிடும். எட்டுச்செலவு என்பது அதுதான். போன மாதம் என் கணவரின் அக்கா, என் மச்சாள், கண்ணை மூடினார்.

"மாமிக்கு என்னம்மா விருப்பம்?" என்று மகள் கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடமும் அவருக்கும் சேர்த்து உலை வைத்தவள் நான்.

போரில் தரைப்பாதை பூட்டிய காலத்தில் கப்பல் வந்தால்தான் அரிசி. சங்கக்கடையில் பங்கீட்டுக்குக் கிடைத்ததை ஆக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டால் பானை முடிந்துவிடும். மச்சாள் சோற்றுக் கோப்பையைத் தொடவே மாட்டார். வெள்ளி விரதம் என்பார். பிறகு செவ்வாய், சதுர்த்தி, பிரதோஷம். விரதகாரரைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது பாவம் என்று நானும் விட்டுவிடுவேன். ஒரு சனிக்கிழமை,

"இண்டைக்குப் புரட்டாதிச் சனி, எனக்கு வேண்டாம்" என்றார்.

"புரட்டாதி முடிஞ்சுதெல்லே மச்சாள்? இப்ப ஐப்பசி."

"சனீஸ்வரனுக்குக் கலண்டர் ஆர் குடுத்தது? நீ பிள்ளையளைப் பார்."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய, பானையில் ஒன்றும் இல்லை. எங்கள் தெய்வம் சந்நிதியானை நினைத்து அழுதேன்.

பாதை திறந்து அரிசி மூட்டையாக வந்த பிறகும், இரண்டு பிடிக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. என்ன கறி வைக்க என்று கேட்டால், "எல்லாம் ஒண்டுதான்" என்பார்.

எட்டுக்கு என்ன சமைப்பது என்று நான் யோசிக்க, மகளே சொன்னாள்: "எனக்குத் தெரியும். மாமிக்கு அடிச்சோறு விருப்பம். சின்னனிலை நான் கண்டனான். பின்னுக்கு இருந்து பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தவ. எனக்கும் தாங்கோ எண்டு கேட்டன். 'போடி, கருகினது உனக்கு வேண்டாம், எனக்கு உதுதான் உயிர்' எண்டு சிரிச்சவ. கொஞ்சம் கருக விட்டு வைப்பம் அம்மா."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அது வேண்டாம் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

கருகாமல் சோறு வடித்தேன். பிள்ளைகளுக்கு எடுப்பதற்கு முன்னமே, மேலால் அள்ளி இலை நிறையப் போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பொரியல், தயிர், வடை, பாயசம், எல்லாம் வைத்தேன். எது பிடிக்குமோ அதை எடுக்கட்டும். கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் திறப்பதுதான் வழமை. திறக்கவோ என்று மகள் எழும்பினாள்.

"இரு பிள்ளை" என்றேன். "மாமி ஆறுதலாச் சாப்பிடட்டும்."